நுவரெலியாவில் நீர் 94 பாகையில்தான் கொதிக்கும்

கேள்வி: நுவரெலியாவுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொதிநீரில் வைத்த வெப்பமானி 94ஐத் தாண்டுவதே இல்லை. பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து 100 என்று பதிந்துவிடுகிறார்கள். வெப்பமானிகளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் போல 760 மில்லிமீற்றர் இரசம் அல்ல, 610 அளவுதான். நீரின் ஆவியமுக்கம் (நீராவி தரும் அமுக்கம்) வெளி அமுக்கத்தை எட்டினால் கொதிப்பு தொடங்கிவிடும். அதற்கு 94 பாகை செல்சியஸ் போதும். மலைநாட்டில் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான்.

ஆனாலும் வெப்பமானி சரியா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஐஸ் கட்டியை நன்றாக நொறுக்கி, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் சுத்தமான நீர் விட்டு, வெப்பமானியின் குமிழை நடுவில் புதைத்து மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். 0 காட்ட வேண்டும். நீர் கூடிவிட்டால் ஐஸ் மேலே மிதக்கும், அடியில் 3, 4 பாகை இருக்கும். பலர் வெப்பமானியைப் பழிப்பது இந்த இடத்தில்தான். சிவப்புத் திரவ வெப்பமானியானால் தண்டின் உச்சியையும் பாருங்கள். அங்கே ஒரு துளி ஒட்டியிருந்தால் வாசிப்பு அவ்வளவுக்குக் குறையும். குமிழை ஐஸும் உப்பும் கலந்த கலவையில் வைத்து, தண்டை மெதுவாகத் தட்டினால் துளி இறங்கிச் சேரும்.

அடுத்தது கொதிநிலை. 250 மில்லிலீற்றர் முகவையில் 150 மில்லிலீற்றர் நீர் எடுங்கள். வாயை அலுமினியத் தாளால் மூடி, வெப்பமானிக்கு ஒரு துளையும் ஆவி தாராளமாக வெளியேற இன்னொரு பெரிய துளையும் இடுங்கள். இறுக மூடினால் உள்ளே அமுக்கம் ஏறும், ஆபத்தும்கூட. குமிழ் அடியைத் தொட்டால் வாசிப்பு கூடிவிடும். ஆகவே நீரின் மேற்பரப்புக்குச் சற்று மேலே, ஆவியில் நிற்கட்டும். சூடாகத் தொடங்கும்போது தெரியும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த வளி. அதைக் கொதிப்பு என்று பிள்ளைகள் குறித்துவிடுவார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பதிந்து, தொடர்ந்து ஐந்து வாசிப்புகள் மாறாமல் நின்றால் அதுவே கொதிநிலை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் இதில் இறக்க வேண்டாம், வெடிக்கும்.

இதைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் பலன் இரட்டிப்பு. ரயில் பாதையோரப் பாடசாலைகளிடம் அவர்கள் அளந்த கொதிநிலையைக் கேட்டு வாங்குங்கள். உயரத்துக்கு அலைய வேண்டியதில்லை, நிலையப் பலகையிலேயே எழுதியிருக்கும்: ஹட்டன் சுமார் 1260 மீற்றர், நானுஓயா 1610, பட்டிப்பொல 1900க்குச் சற்றுக் குறைவு. உயரத்தை கிடை அச்சிலும் கொதிநிலையை நிலைக்குத்து அச்சிலும் குறித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு வரும். படித்திறன், அதாவது கோட்டின் சரிவு, மீற்றருக்கு −1/300 அளவில் இருக்கும். அடிக்கணக்கில் பேசும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு, ஆயிரம் அடிக்கு ஒரு பாகை.

நிலைக்குத்து அச்சை 0 இலிருந்து தொடங்கினால் கோடு படுத்துவிடும், சரிவே தெரியாது. 90 இலிருந்து தொடங்குங்கள். கிடை அச்சு மட்டும் கட்டாயம் 0 இலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் கோட்டை இடப்பக்கம் நீட்டச் சொன்னால், 0 மீற்றரில் அது 100க்கு அருகே வெட்டும். புத்தகத்தின் 100 எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுபிடிப்பார்கள். கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடத்தைச் சொல்லும் வெட்டுத்துண்டு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பிறகு y = 100 − x/300 என எழுதவைத்து, யாரும் அளக்காத பட்டிப்பொலவின் கொதிநிலையைக் கணிக்கச் சொல்லுங்கள்; 93.7 வரும்.

பரீட்சையில் என்ன எழுதுவது என்றும் கேட்பார்கள். வினாவில் நியம வளிமண்டல அமுக்கம் என்றிருந்தால் 100. செய்முறைக் கொப்பியில் அளந்தது எதுவோ அது மட்டும், பக்கத்தில் பாடசாலையின் உயரத்தோடு.