சிங்கப்பூர் வீடுகளில் சீலிங் பழுது: கேள்வி பதில்

தோ பாயோ: பழைய மூவறை வீடு. குளியலறைச் சீலிங் வீங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் காரை விழுந்துவிட்டது. துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மேல்வீட்டுத் தண்ணீர்தான் காரணமா அண்ணே?

ஒழுக்கே இல்லாமலும் இது வரும், அக்கா. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடங்களாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைக் கெடுத்துவிடும். அப்புறம் குளியல் ஈரமே போதும், கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கீழே இருக்கும் காரையைப் பிளந்து தள்ளிவிடும்.

முதலில் சுற்றிலும் மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் விழக் காத்திருக்கிறது. சின்ன இடம் என்றால் தளர்ந்ததை உதிர்த்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் இரண்டு கை அடியுங்கள். காய்ந்ததும் ஒட்டுப்பால் (புதுக் கலவை பழைய கான்கிரீட்டில் ஒட்டப் பூசும் பால்) பூசி, பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையை மெல்லிய அடுக்குகளாக அப்புங்கள். ஒரே அடியாகத் தடிமனாக அப்பினால் தலையில்தான் விழும். துருவை விட்டுவிட்டு மேலே பூசுகிறவரை நம்பாதீர்கள்; வேலை அழகாக இருக்கும், மறுபடி பெயர்ந்துவிடும்.

பெரிய இடமாகவோ கம்பி மெலிந்தோ இருந்தால் கை வைக்காமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) கிளையில் சொல்லுங்கள். உங்கள் புளோக் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் வந்தால், இந்த வேலை அதில் சேர்த்தி. குடிமக்களுக்கு அரசே செலவை ஏற்கிறது.

ஈசூன்: சீலிங்கில் பழுப்புக் கறை, சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர் 'என் வீட்டில் ஒன்றுமில்லை' என்கிறார்.

அவர் பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒழுக்கு அவர் தரைக்கு அடியில் இருப்பது; அவர் கண்ணுக்குத் தெரியாது. நடுவிலுள்ள தளத்துக்கு இரண்டு வீட்டாரும் பொறுப்பு. வீவக உதவித் திட்டத்தில் பாதிச் செலவை வீவக ஏற்க, மீதிப் பாதியை இரண்டு வீட்டாரும் சமமாகப் பகிர வேண்டும்; மொத்தச் செலவில் ஆளுக்குக் கால் பங்கு. நீர்த்தடுப்பு வேலை மேலே முடிந்த பிறகே கீழே பெயின்ட். கடைசி மாடியில் கூரை ஒழுகினால் அது நகர மன்றத்தின் பொறுப்பு.

பிடோக்: வரவேற்பறை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் நடுவில் தொய்ந்திருக்கிறது. திருகைப் போட்டு இறுக்கிவிடலாமா?

விரலால் அழுத்துங்கள் தம்பி. குழி விழுந்தாலோ மாவாக உதிர்ந்தாலோ பலகை நனைந்து கெட்டது. திருகு பிடிக்காது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்து மாற்றுங்கள். வீக்கத்துக்குள் தண்ணீர் நிற்கிறது என்று தோன்றினால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கீழே வாளி வைத்து, தாழ்ந்த இடத்தில் சிறு துளை போடுங்கள். விட்டுவைத்தால் முழுப் பலகையும் சோபா மேல் இறங்கும்.

கெட்டியாக இருந்தால், அகலப் பலகையைத் துணியால் சுற்றி, கம்பு முட்டுக் கொடுத்து மெல்ல மேலே ஏற்றுங்கள். பின்னாலுள்ள உலோகச் சட்டத்தில் பிடிக்கும்படி ஒரு சாணுக்கு ஒரு திருகு. திருகுத்தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே அமுங்கினால் போதும். இணைப்பில் வலைநாடா ஒட்டி, பட்டி (putty) இரண்டு மூன்று கை இழுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் ஒரு கை காய ஒரு நாள் விடுங்கள். நாடா இல்லாமல் பட்டி மட்டும் அடைத்தால் அதே கோடு மறுபடி எட்டிப் பார்க்கும்.

செங்காங்: அறைக்குக் குறுக்கே நேர்கோடாக மயிரிழை விரிசல். பயப்படணுமா?

பெரும்பாலும் முன்வார்ப்புப் பலகைகள் (முன்னதாகவே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகள்) சேரும் இடம்தான். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிவையுங்கள். நீளவில்லை, கறை இல்லை என்றால் நெகிழும் பட்டி அடைத்துப் பெயின்ட் அடிக்கலாம். அகலமானால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சிராங்கூன்: தாத்தா காலத்துத் தரைவீடு. சாம்பல் நிறச் சீலிங் பலகையை நானே உடைத்து எடுக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். 1991க்கு முன் கட்டிய வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். பரிசோதிக்கும் வரை தேய்க்கவும் கூடாது, துளைக்கவும் கூடாது.

உட்லண்ட்ஸ்: வேலைநாளில் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரில் போடலாமா?

வீவக வீட்டில் கூடாது. அதிகச் சத்தமில்லாத சின்ன வேலை என்றால் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள் முடித்துவிடுங்கள்.