முடி துறந்த மன்னரின் சிகரெட் கார்டு: 120 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். பழைய சிகரெட் கார்டுகளை, அதாவது அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துத் தந்த சிறு பட அட்டைகளை, இப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஒரு கடைக்காரர் வில்ஸ் கம்பெனியின் கார்டு ஒன்றைக் காட்டினார். பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டு இளவரசராக இருந்தபோது உள்ள படம். "அவர் முடி துறந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம்தான்" என்று சொல்லி 120 பவுண்டு கேட்கிறார். பின்பக்கத்தில் "ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி" என்று தொகுப்பின் பெயர் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். பின்பக்கத்தில் நீங்கள் படித்த அந்த ஒரு வரியே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அது 1935-இல், எட்வர்டின் தந்தை ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறி 25 ஆண்டு நிறைந்த சமயத்தில், வில்ஸ் வெளியிட்ட 50 கார்டுத் தொகுப்பு. சிகரெட் பெட்டிக்குள் வைத்து நாடெங்கும் போனது. யாரும் அழிக்கவில்லை. இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அவர் கேட்கும் தொகைக்கு மிகக் குறைவாகவே முழுத் தொகுப்பையும் வாங்கிவிடலாம்.

கடைக்காரர் சொன்ன கதைக்கு ஓர் அடிப்படை உண்டு, அது வேறு கார்டுக்கு உரியது. 1936 ஜனவரியில் எட்வர்டு மன்னரானார். மறு ஆண்டு மே 12 முடிசூட்டு விழா என்று நாள் குறித்தார்கள். அதை நம்பி வில்ஸ் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் தனித் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தது. விவாகரத்தான வாலிஸ் சிம்சனை மணப்பதற்காக டிசம்பரில் அவர் முடி துறக்கவே, அந்தத் தொகுப்பு கடைக்கு வரவே இல்லை. எப்படியோ வெளியே வந்த சில பிரதிகள்தான் அரியவை. அவற்றின் பின்பக்கத்தில் எட்டாம் எட்வர்டு மன்னரின் பெயரே தொகுப்பின் தலைப்பாக இருக்கும்.

அவரைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 1937-இல் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்ததை மறக்காதவர்கள் நிறையப் பேர். அதனால் அவர் முகம் இருக்கிற எந்தப் பொருளுக்கும் ஒரு கதை சொல்லி விலை ஏற்றுகிறார்கள். நடக்காமலே போன அந்த முடிசூட்டு விழாவுக்காகச் செய்த பீங்கான் குவளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விழா ரத்தாவதற்கு முன்பே ஏராளமாகச் செய்து விற்றுவிட்டார்கள், அதனால் இன்றும் அவை மலிவு. சந்தைக்குப் புதிதாக வருபவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

என்றாவது ஒருநாள் அந்த 1936 கார்டே உங்கள் முன் வந்தால் அவசரப்படாதீர்கள். பழைய தொகுப்புகள் பலவற்றைப் பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள்; அட்டை நீல வெண்மையாகப் பளிச்சிட்டால் அது அந்தக் காலத்துத் தாள் அல்ல. அப்படிப் பளிச்சிட வைப்பது காகிதத்தை வெளுப்பாக்கும் ஒரு ரசாயனம்; அது 1950-ஐ ஒட்டித்தான் பரவலானது. பளிச்சிடாவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. இதற்குமுன் யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் விற்றது என்ற தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். விலைக்கு, இணைய ஏலத் தளங்களில் விற்பனைக்குப் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். சோமர்செட்டில் உள்ள லண்டன் சிகரெட் கார்டு கம்பெனியின் விலைப் பட்டியலும் உதவும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். சந்தையில் நேரில் வாங்கினால் அந்த வசதி இல்லை. ஆனால் சொன்னதற்கு மாறான பொருளை வியாபாரி விற்றிருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குத்தான் ரசீது முக்கியம். "1936, வெளியிடப்படாத தொகுப்பு, அசல்" என்று அவர் கைப்பட எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் கிரெடிட் கார்டில் பணம் கட்டினால், கடைக்காரர் கைவிரித்தாலும் வங்கியிடம் கேட்க வழி உண்டு.

இளவரசரின் படம்தான் பிடித்திருக்கிறது என்றால் 1935 தொகுப்பை முழுதாகவே வாங்குங்கள். ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த தடம் பின்பக்கத்தில் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.