காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கு அனுப்பலாமா?

சகோதரி, கிண்ணியாவில் மகனுக்கு டெங்கு, நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான், 24 முதல் 48 மணி நேரம் வரை. 2017இல் டெங்கு பரவி கிண்ணியா பட்ட பாடு மறக்கக்கூடியதா?

இன்றே மறுபடியும் இரத்தம் சோதித்துப் பாருங்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு பனடோல் (பாரசிட்டமோல்) மட்டும், இபுபுரோஃபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்), கஞ்சி, இளநீர் கொடுங்கள். எவ்வளவு குடித்தான், எத்தனை தரம் சிறுநீர் போனான் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், டாக்டருக்கு உதவும்.

அப்புறம், கிணற்றடித் தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.