ஆயிரம் பீடிக்கு என்ன கூலி?

கே: பீடிக்குக் குறைந்தபட்சக் கூலி என்று அரசு சொல்கிறது, என் அம்மா கைக்கு மட்டும் அது முழுசாக வருவதே இல்லையே? - வாசகி, தென்காசி

ப: கூலி ஆயிரம் பீடிக்குத்தான், மணிக்கணக்கு கிடையாது, ஓட்டை அங்கேதான். கடையில் எடை குறைத்துத் தரும் இலை போதாமல் அம்மா கைக்காசில் வாங்கிச் சேர்ப்பார், அப்புறம் சரியில்லை என்று கணக்கப்பிள்ளை கழித்துப் போடும் கட்டுக்கும் காசு கிடையாது (கழித்த பீடி குப்பைக்கா போகிறது?). 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியல் சாசனம் 23-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று 1982-இல், ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் (வங்கிப் பாஸ்புக் இல்லை) தினமும் எண்ணிக்கையை எழுதி வாங்கச் சொல்லுங்கள். தொழிலாளர் துறையில் காட்ட அதுதான் சாட்சி.