பதில்: பிரேசிலுக்குப் போன இத்தாலியர்களுக்கு நிலம் கிடைத்ததா?

ஒரு புத்தகம் அவர்களை நிலச் சொந்தக்காரர் என்கிறது, இன்னொன்று தோட்டக் கூலி என்கிறது, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான் நண்பரே, ஊர்தான் வேறு.

தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில், 1875 முதல் காஷியாஸ் என்ற ஊர்ப் பக்கம் அரசு நிலமான காட்டைத் துண்டு போட்டுத் தவணைக்குக் கொடுத்தார்கள். வாங்கிய இத்தாலியர்கள் திராட்சை போட்டு ஊன்றிக்கொண்டார்கள்.

சாவோ பாவ்லோ மாநிலத்தில் கதை வேறு. 1888இல் அடிமை முறை ஒழிந்தது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அரசே கப்பல் கட்டணம் கொடுத்து அழைத்தது. வந்தவனுக்கு நிலமும் கொடுத்துவிட்டால் காப்பி பறிப்பது யார்? 1850 சட்டப்படி அரசு நிலத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காசு இவர்களிடம் ஏது?

தோட்டத்தில் குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம் காப்பிச் செடி என்று ஒப்படைப்பார்கள். பராமரிப்புக்கு ஆயிரம் செடிக்கு இவ்வளவு, பறிப்புக்குத் தனிக் கூலி. பல தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம், பீன்ஸ் போட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிரே இந்த ஊடுபயிர்தான்: கூலி இழுத்தடித்தாலும் அடுப்பு எரிந்தது அதனால்தான். நிலைமை பற்றிய புகார்கள் முற்றி, 1902இல் இத்தாலியே இலவசப் பயணத்தில் ஆள் அனுப்புவதைத் தடுத்தது.

தலைப்பில் ‘பிரேசில்’ என்பதை எடுத்துவிட்டு மாநிலத்தின் பெயரைப் போடுங்கள், பாதிச் சிக்கல் தீரும்.