95,000 பெரிதா, 55,000 பெரிதா? நிலாவெளித் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

இரண்டு சம்பளத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்து, 40,000 ரூபா என்று அடிக்கோடும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் 95,000. திருகோணமலை ரவுனில் ஒரு சிறிய கணக்காளர் கந்தோரில் 55,000. மகள் ரவுன் வேலைதான் வேண்டும் என்கிறார். "இதற்காகவா கம்பஸில் படிக்க வைத்தேன்" என்று நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கழித்தல் கணக்கு சரியில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள்வோம்.

95,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 7,600 போகும். கையில் 87,400. மாதம் 150,000 வரை சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை, ஆகவே அந்தக் கவலை இப்போது வேண்டாம். வெள்ளவத்தைப் பக்கம் இன்னொரு பிள்ளையோடு அறையைப் பகிர்ந்தால் போடிங்குக்கு 20,000 என்று வைப்போம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 27,000. கந்தோருக்குப் போய்வர 7,000. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக 6,000. உடுப்பு, போன், மருந்து என்று ஒரு 5,000. மொத்தம் 65,000. மிச்சம் 22,400.

ரவுன் வேலையில் 55,000இல் 4,400 கழிந்து 50,600 கைக்கு வரும். வீட்டுச் செலவுக்கு 15,000 தருவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலாவெளியிலிருந்து பஸ், போன், மற்றச் செலவு எல்லாம் சேர்த்து 9,000. மிச்சம் 26,600. வீட்டுக்கு 15,000 கொடுத்த பிறகும் ரவுன் வேலையில்தான் கையில் கூட நிற்கிறது. செலவுகள் நான் உத்தேசமாகப் போட்டவை. நீங்களும் மகளும் ஒரு கொப்பியில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போடிங் வாடகையை மட்டும் யாரிடமாவது விசாரித்துவிட்டு எழுதுங்கள், ஊகத்தில் எழுத வேண்டாம்.

இதைப் பார்த்து மகள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கொழும்பு வேலைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அது முதல் மாதச் சம்பளத்தில் தெரியாது. சேமலாப நிதிக்குக் கம்பனி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். பிள்ளையின் 8 வீதத்தோடு சேர்த்தால் கொழும்பில் மாதம் 19,000 சேரும், ரவுனில் 11,000 சேரும். மாதத்துக்கு 8,000 வித்தியாசம், அதுவும் சம்பளம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். பெரிய கம்பனியில் கணக்குப் பிரிவு என்றால் மென்பொருள், வரி, ஏற்றுமதிக் கணக்கு என்று மூன்று வருடத்தில் கை நன்றாகப் பழகும். ரவுன் கந்தோரில் மூன்று வருடம் கழித்தும் அதே கடைக்காரர்களின் பில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தால், 55,000 அப்போது 65,000 ஆகியிருக்கலாம், ஆனால் பிள்ளை வளர்ந்திருக்க மாட்டார். குறைந்த சம்பளத்தில் எனக்குப் பயம் இல்லை. வளராத வேலைதான் பயம்.

அடுத்தது நேரம். கொழும்பு வேலை காலை 8.30க்குத் தொடங்கி மாலை 6 மணியாவது ஆகும், அப்புறம் பஸ்ஸில் நெரிசல். வெள்ளி இரவு ரயிலில் ஏறி, சனி விடிய இங்கே இறங்கி, அரை நாள் தூங்கி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை நேரே கந்தோருக்குப் போகும் பிள்ளைகளை திருகோணமலை ஸ்டேஷனில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். இரண்டு வருடம் அப்படி ஓடலாம், வயது தாங்கும். பத்து வருடத்துக்கு அதைத் திட்டமாக வைக்க முடியாது.

ஆனால் ரவுன் கந்தோர் என்றால் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கணக்கு வேலைக்குச் சீசன் உண்டு. மார்ச் 31இல் கணக்கு வருடம் முடிகிறது. நவம்பர் 30க்குள் வருமான வரிப் படிவம் கொடுக்க வேண்டும். அந்த நவம்பரில், வாடை மழை கொட்டும்போது, ரவுனில் உள்ள அத்தனை முதலாளிமாரும் ஒரே வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது நேர்மாறு: மே முதல் செப்டெம்பர் வரை மூச்சு விட நேரமில்லை, சேவிஸ் சார்ஜ் நன்றாக வரும். மழை தொடங்கினால் அறை காலி, சார்ஜும் காலி. என்னிடம் வந்த ஒரு தம்பி, சமையல் பிரிவில் தேசிய தொழிற்தகைமை நாலாம் மட்டம் முடித்தவர், டுபாய்க்குப் போகாமல் இங்கேயே நின்றார். அந்த வெறும் மாதங்களில் வீட்டில் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறார். அவருக்குக் குறைந்த சம்பளம் ஒத்துவந்ததற்குக் காரணம், மிஞ்சும் நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. உங்கள் மகளிடமும் அதையே கேளுங்கள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறார்? பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிக்கப் போகிறார் என்றால் அந்த நேரத்துக்கு விலை உண்டு. போனைப் பார்க்கப் போகிறார் என்றால் கொழும்பு நெரிசலே பரவாயில்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான கேள்வி. "அங்கே வேலை செய்தால் மனநிறைவாக இருக்கும்" என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் நிலாவெளியில், கம்பஸ் கோணேசபுரியில், வீட்டிலிருந்தே போய்வந்த பிள்ளை. ஒரு இரவுகூட வெளியே தங்கிப் படிக்கவில்லை. அவருக்குப் பிடித்திருப்பது அந்த வேலையா, அல்லது கொழும்புக்குப் போகாமல் இருப்பதா? இதைக் குற்றமாகக் கேட்காதீர்கள், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது சும்மா கேளுங்கள்: "அந்தக் கொழும்புக் கம்பனி நாளைக்கு ரவுனில் ஒரு கிளை திறந்து அதே 55,000 தந்தால் எதற்குப் போவாய்?" கம்பனிக்கு என்று சொன்னால், அவர் விரும்புவது அந்த வேலையைத்தான், தடுப்பது தூரம். சின்னக் கந்தோருக்கு என்று சொன்னால், காரணத்தையும் கேளுங்கள். "அங்கே ஆளோடு பேசி அவர் கடைக் கணக்கை முழுதாகப் பார்க்கலாம், கம்பனியில் ஒரு துண்டுதான் தருவார்கள்" என்று ஏதாவது வந்தால், நான் அந்தப் பிள்ளையின் பக்கம்தான்.

அரச உத்தியோகத்துக்குக் காத்திருக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தோடு அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகிறது, உயர்வு 2027 வரை கட்டம் கட்டமாக வருகிறது. 8.30 முதல் 4.15 வரை வேலை, வருடத்துக்கு 45 நாள் லீவு. இவ்வளவும் உண்மை. மாகாண சபைத் தலைமையகம் நம் ஊரில் இருப்பதால் எல்லோருக்கும் ரவுனிலேயே கதிரை கிடைக்கும் என்பதுதான் உண்மையில்லை. முதல் நியமனம் அம்பாறைக்கும் வரும், மூதூருக்கும் வரும். விண்ணப்பத்தைப் போடட்டும், பரீட்சையை எழுதட்டும், ஆனால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் ஒன்று. வீட்டின் மேல்மாடி பாதியில் நிற்கிறது, அது மகளுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் வராது. அந்தக் கடனை அடைக்க மகளின் சம்பளத்தில் மாதம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? அந்தத் தொகையை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். 15,000க்கு மேல் வேண்டும் என்று மனதில் ஒரு கணக்கு இருந்தால் அதை இன்றே சொல்லிவிடுங்கள். தெரியாத பாரத்தை வைத்து எந்தப் பிள்ளையாலும் வேலை தெரிவு செய்ய முடியாது. பிறகு மனநிறைவும் போய், வீட்டில் பேச்சும் நின்றுவிடும்.

எதற்கு ஆமென்று சொல்வதற்கு முன்பும் மகள் ரவுன் கந்தோருக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரட்டும். சின்ன இடங்களில் "நாங்கள் குடும்பம் மாதிரி" என்று சொல்வார்கள். குடும்பம் மாதிரி என்றால் ஓவர்டைம் கிடையாது என்று அர்த்தமாகிவிடக் கூடாது. சட்டப்படி கந்தோர் வேலை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும், பயிற்சிக் காலம் என்று தள்ளிப்போட முடியாது. முதலாளியின் 12 வீதத்தைப் பிள்ளையின் சம்பளத்தில் கழிப்பதும் கூடாது. முதல் வருடம் முழு லீவு கிடைக்காது, அதற்கு மனம் நோக வேண்டாம். இரண்டாம் வருடத்தில் வருடாந்த லீவு எத்தனை நாள் என்பது எந்த மாதம் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது: மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஒக்டோபரில் சேர்ந்தால் 4. பட்டயக் கணக்காளர் பயிற்சிக்கு அனுமதி பெற்ற இடமா என்பதையும் கேட்க வேண்டும். இல்லையென்றால் பரீட்சைக்கு முன் லீவு தருவார்களா என்றாவது கேட்கட்டும்.

நியமனக் கடிதம் தருவார்களா, சேமலாப நிதி கட்டுவார்களா, சம்பளச் சீட்டு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் வந்தால், அடுத்த கிழமையே ரவுனில் சேரட்டும். நீங்களும் மனம் ஆறுங்கள். "பிறகு பார்ப்போம் தங்கச்சி" என்று மழுப்பினால், கொழும்புக் கம்பனி பதில் கேட்டிருக்கும் வெள்ளிக்கிழமைக்கு முன் அவர்களுக்கு ஆம் என்று எழுதிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று மகளுக்குச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் போடிங் பார்க்க நீங்களும் கூடவே போங்கள், தனியாக அனுப்ப வேண்டாம்.