குளிர் பட்டால் தடிக்கும் தோல்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தாப்பாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 21 வயதான என் மகள், பேரங்காடியில் கோழியும் மீனும் அடுக்கும் குளிர்ப் பகுதியில் வேலை செய்கிறாள். சில மாதங்களாக, ஃபிரீசருக்குள் கையை விட்டு எடுத்த சிறிது நேரத்தில் விரல்களும் மணிக்கட்டும் சிவந்து, தடித்து, அரிக்கின்றன. மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தால் முகத்திலும் அவ்வாறே ஆகிறது. காணாக்கடி என்று சொல்லி, என் மாமியார் வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார். சென்ற பள்ளி விடுமுறையில் லாத்தா இஸ்கந்தர் அருவியில் குளித்தபோது உடம்பெல்லாம் தடித்து, கண் இருட்டுகிறது என்று பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தானாகவே சரியாகிவிட்டது. வெயில் கொளுத்தும் நம் மலேசியாவில் குளிர் ஒவ்வாமை வருமா? அவள் வேலையை விட்டுவிட வேண்டுமா?
– ஒரு தாய், தாப்பா

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அருவியில் நடந்ததுதான். தானாகவே சரியாகிவிட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள். கையில் தோன்றும் தடிப்பு தொல்லை தருவது. ஆனால் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்த நீரில் நனைந்து கண் இருட்டியது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நிலையின் அறிகுறி. குளிர் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கடுமையான பாதிப்பு பெரும்பாலும் நீந்தும்போதும் அருவி, ஆறுகளில் குளிக்கும்போதும்தான் ஏற்படுகிறது. நீருக்குள் மயங்கினால் மூழ்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மகளை அருவிக்கோ ஆற்றுக்கோ நீச்சல் குளத்துக்கோ அனுப்ப வேண்டாம்.

நம் தோலில் மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்கள் உள்ளன. இந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, குளிர்ந்த தோல் மீண்டும் சூடேறும் வேளையில் அவற்றிலிருந்து ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் வெளியேறி, இரத்தக் குழாய்களை விரியவும் கசியவும் செய்கிறது. ஃபிரீசரிலிருந்து கையை எடுத்த பிறகு தடிப்பு கிளம்புவது இதனால்தான். உடல் முழுவதும் இவ்வாறு நிகழும்போது இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருகிறது. வெயில் நாட்டில் இருப்பதால் மட்டும் இது வராமல் போகாது. நனைந்த உடையோடு காற்றில் செல்லும்போது ஈரம் ஆவியாகித் தோல் விரைவாகக் குளிர்கிறது. ஏர்கான் அறையும் கேமரன் மலையின் இரவுக் குளிரும்கூடச் சிலருக்குப் போதுமானவை.

கிளினிக்கில் செய்யப்படும் சோதனை எளிது. மெல்லிய பையில் இட்ட ஐஸ் கட்டியை முன்கையில் 5 நிமிடம் வைத்து எடுத்து, அடுத்த 10 நிமிடங்களில் அந்த இடம் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு இதில் தடிப்பு தோன்றாமலும் போகலாம் என்பதால், மகளுக்கு எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் விவரமாகச் சொல்வது மிகவும் முக்கியம். தயவுசெய்து வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகினால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாரேனும் சொன்னால், அதையும் கேட்க வேண்டாம்.

சிகிச்சையில் முதலில் தரப்படுவது சிட்ரிசின், லோராட்டடின் போன்ற, தூக்கக் கலக்கம் குறைவான மாத்திரைகள். வழக்கமான அளவு போதவில்லை எனில் மருத்துவர் அதை நான்கு மடங்கு வரைகூட உயர்த்துவதுண்டு. ஆனால் அளவை நீங்களாகக் கூட்டக்கூடாது. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் என்னும் ஊசி உள்ளது. மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். எனினும் வெற்றிலையும் மிளகும் மயக்கத்தைத் தடுக்காது. ஒருமுறை கண் இருட்டியிருப்பதால், அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருக்க வேண்டுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறலோ தொண்டை அடைப்போ தலைசுற்றலோ வந்தால், உடனே குளிரிலிருந்து விலக்கி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் உட்கார வைக்கலாம். அட்ரினலின் ஊசி கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் தொடையில் போட்டுவிட்டு அவசர எண் 999-ஐ அழையுங்கள். மாத்திரை அந்த ஊசிக்கு ஈடாகாது.

வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டத்துக் குடும்பத்தில் ஒரு சம்பளம் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அறிவேன். மருத்துவரின் கடிதத்தோடு மேலாளரைப் பார்த்து, காசாளர் பகுதிக்கோ உலர்பொருள் பகுதிக்கோ மாற்றித் தருமாறு கேட்கலாம். அதுவரை காப்புக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும். வண்டியில் எப்போதும் மழைக்கோட்டும் மாற்றுடையும் இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் குளிர் ஒவ்வாமை இருப்பதாக உறுதி செய்துள்ளார்கள். ஐஸ் கச்சாங் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது. இது வாழ்நாள் முழுவதும் தொடருமா? அடுத்த மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது.
– ஒரு வாசகர், தாப்பா

பதில்: உதடு வீங்கும் உங்களுக்கு நாக்கும் தொண்டையும் வீங்கக்கூடும் என்பதால், ஐஸ் கச்சாங்கையும் ஐஸ் போட்ட பானங்களையும் அறவே தவிர்த்துவிடுங்கள். பலருக்குச் சில ஆண்டுகளில் இது குறைகிறது அல்லது மறைகிறது. சிலருக்கு நீண்ட காலம் நீடிக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இதைத் தவறாமல் தெரிவியுங்கள். அறுவை அரங்கு குளிராக இருக்கும். இரத்த நாளம் வழியே ஏற்றும் திரவமும் குளிர்ந்திருந்தால் ஒவ்வாமையைத் தூண்டலாம். முன்கூட்டியே தெரிந்தால் திரவத்தை வெதுவெதுப்பாக்கவும் உங்களைச் சூடாகப் போர்த்தி வைக்கவும் அவர்களால் முடியும்.